பங்கு போன ஊர்

ஹெல்சிங்கியிலிருந்து துர்க்கு போகும் ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் சாலோ வந்துவிடுகிறது. வழி நெடுக பிர்ச் மரங்கள், பைன் காடுகள், தானிய வயல்கள், வயலோரத்தில் சிவப்புச் சாயம் பூசிய மரக் கொட்டகைகள். பெட்டியில் யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லாரும் கைபேசியில் கவிழ்ந்திருந்தார்கள். என் கண்ணில் பட்டவரை ஆப்பிளும் சாம்சங்கும்தான், ஓரிரண்டு சீன மாடல்கள். 2008-ல் உலகில் விற்ற பத்து செல்போன்களில் ஏறக்குறைய நான்கு, இந்த ஃபின்லாந்து நாட்டுக் கம்பெனியான நோக்கியாவினுடையவை. அதற்கு முந்தைய ஆண்டில் ஸ்மார்ட்போன்களை மட்டும் தனியே எண்ணினால் கிட்டத்தட்டப் பாதி. அந்த நோக்கியாவின் பெரிய தொழிற்சாலை இருந்த ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐடிசி, கவுன்டர்பாயின்ட் போன்ற ஆய்வு நிறுவனங்கள் ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. எந்தக் கம்பெனி எத்தனை கோடி போன்களைக் கடைகளுக்கு அனுப்பியது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். 2012-ல் நோக்கியாவைத் தள்ளிவிட்டு சாம்சங் முதலிடத்துக்கு வந்தது. 2017 கடைசியில் இந்தியாவில் சாம்சங்கை ஷாவ்மி முந்தியது. 2020-ல் ஒரு காலாண்டு ஹுவாவே உலகத்தில் முதலாவதாக நின்றது. அமெரிக்கா சிப் வரத்தை அடைத்ததும் சரிந்தது. 2021-ல் எல்ஜி போன் வியாபாரத்தையே விட்டுவிட்டுப் போனது. 2023-ல் ஆண்டுக் கணக்கில் ஆப்பிள் முதலிடம் பிடித்தது. நம் பத்திரிகைகளும் இதையெல்லாம் தவறாமல் போடுகின்றன. ஆனால் ஒரு கம்பெனியின் சதவீதம் இறங்கும்போது, அந்தச் சதவீதத்தை நம்பிக் குடியிருந்த ஊர் என்ன ஆகிறது என்பது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. நோக்கியாவுக்கு ஆலை இருந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்வருகிறவன் என்பதால் எனக்கு அந்தக் கேள்வி வெகுகாலமாக உண்டு. அதைக் கேட்பதற்குச் சாலோவை விடப் பொருத்தமான இடம் இல்லை என்று தோன்றியது.

ஜூலை மாத வியாழக்கிழமை. ஊர் நடுவே இருக்கும் சதுக்கத்தில் மாலைச் சந்தை கூடியிருந்தது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் பருவம் என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை. புகையில் வாட்டிய மீன், சின்னச் சின்னப் புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி, தோலோடு பச்சைப் பட்டாணி. பட்டாணியையும் ஸ்ட்ராபெரியையும் இங்கே எடை போட்டு விற்பதில்லை. லிட்டர் அளவுக் குவளையில் அள்ளி, மேலே குவித்து, காகிதப் பையில் கொட்டுகிறார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் பாட்டிகள் படியில் அளந்து, கடைசியில் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுவது போலவே ஒரு கை கூடுதலாகவும் விழுந்தது. பட்டாணியை அப்படியே தோலுரித்துப் பச்சையாகத் தின்றபடி ஊரைச் சுற்றினேன். உஸ்கெலா ஆறு ஊருக்குள் மெதுவாக ஓடுகிறது. கரையில் நடைபாதை, வாத்துகள், சைக்கிளில் போகும் கிழவிகள். வீழ்ந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு வந்தவனுக்கு அது சட்டென்று கண்ணில் படாது. கடைத்தெருவில் நடந்தால்தான் காலியாகக் கிடக்கும் கண்ணாடி முகப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படும். 2010 வாக்கில் 55,000 பேர் இருந்த நகராட்சி. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஆள் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

சாலோவுக்கு மின்னணுத் தொழில் நோக்கியாவோடு வந்ததல்ல. 1928-ல் இரண்டு பேர் சேர்ந்து இங்கே ரேடியோ செய்யத் தொடங்கினார்கள். அதுதான் பிற்பாடு சாலோரா என்ற பெயரில் ஃபின்லாந்து வீடுகளுக்கெல்லாம் ரேடியோவும் டி.வி.யும் கொடுத்த கம்பெனி. ரப்பர் பூட்ஸும் கேபிளும் காகிதமும் செய்துகொண்டிருந்த நோக்கியா, 1979-ல் சாலோராவோடு கூட்டுச் சேர்ந்து மொபிரா என்ற கம்பெனியைத் தொடங்கியது. கையில் தூக்கும் போனுக்கு முன்னால் காரில் வைக்கும் போன். ஊரில் இருக்கும் மின்னணு அருங்காட்சியகத்தில் அந்த வரிசையைப் பார்க்கலாம். 1982-ல் வந்த மொபிரா செனட்டர் பத்துக் கிலோவை ஒட்டிய எடை. பெட்டியும் கைப்பிடியுமாக, போன் என்று சொன்னால் குழந்தைகள் நம்ப மாட்டார்கள். அடுத்து வந்த டாக்மேன் அதில் பாதி. 1987-ல் வந்த சிட்டிமேன் 800 கிராம். கோர்பச்சேவ் ஹெல்சிங்கிக்கு வந்தபோது மாஸ்கோவுக்குப் பேசிய படம் உலகமெல்லாம் சுற்றியதே, அவர் கையில் இருந்தது அதுதான். எடை குறையக் குறைய ஊர் பெருத்தது. 1991 ஜூலை 1 அன்று முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி உலகின் முதல் ஜிஎஸ்எம் வணிக அழைப்பைச் செய்தார். 1998-ல் மோட்டரோலாவைத் தாண்டி நோக்கியா உலகின் முதல் செல்போன் கம்பெனி ஆனது. உச்சத்தில் சாலோவில் மட்டும் சுமார் 5,000 பேர் நோக்கியாவில் வேலை பார்த்தார்கள்.

அருங்காட்சியகத்தில் எனக்குக் கண்ணாடிப் பெட்டிகளைக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர். போனைக் கான்கிரீட்டில் போடுவது, நீர் உறையும் குளிரிலும் நீராவிச் சூட்டிலும் மாறி மாறி வைப்பது, பொத்தானை இயந்திர விரலால் லட்சக்கணக்கான தடவை அழுத்துவது என்று தன் வேலையை விவரித்தார். 1100 மாடலைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பின்பக்கம் வழுக்காத சொரசொரப்பு, விசைப்பலகை முழுவதையும் மூடிய ஒரே ரப்பர்த் தகடு, உச்சியில் டார்ச் விளக்கு. தூசும் வியர்வையும் மின்வெட்டும் உள்ள நாடுகளை மனதில் வைத்துச் செய்தது, 2003-ல் வந்தது, 25 கோடிக்கு மேல் விற்றது. உலகில் அதிகம் விற்ற போன்களில் ஒன்று. எங்கள் பக்கத்து விவசாயிகள் இரவில் மோட்டார் போடப் போகும்போது இதைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அந்த ரப்பர்த் தகட்டை நான் எத்தனை தடவை கிழித்துப் பார்த்திருப்பேன் தெரியுமா?” என்றார்.

அவர் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சென்னை என்றதும், “ஸ்ரீபெரும்புதூர்” என்று தட்டுத் தடுமாறாமல் சொன்னார். அங்கே உற்பத்தி லைன் போடப் போயிருந்த குழுவில் அவரும் ஒருவர். “அந்தப் பெண்கள் எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்! அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?” அதற்கு என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

நோக்கியா எப்படித் தோற்றது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்குச் சரியென்று படுவது இது. மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே சமயத்தில் அடி விழுந்தது. 2007 ஜனவரியில் ஐபோன் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு. விலையுயர்ந்த போன் என்பது விரலால் தொட்டு, செயலிகளை இறக்கிக்கொள்ளும் கணினியாக மாறிவிட்டது. சிம்பியன் என்ற நோக்கியாவின் மென்பொருள் பொத்தான் போன்களுக்காக எழுதப்பட்டது. அதை நீட்டி ஒட்டிச் சரிசெய்ய ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் மாரடித்தார்கள். கீழே என்ன நடந்தது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தைவானின் மீடியாடெக், சிப்போடு மென்பொருளையும் சேர்த்துத் தயாராகக் கொடுக்க ஆரம்பித்ததும், ஷென்ஜெனில் சின்னப் பட்டறை வைத்திருந்தவர்கள்கூட போன் செய்யலாம் என்று ஆகிவிட்டது. இந்தியாவில் மைக்ரோமேக்ஸ் போன்ற கம்பெனிகள் அந்தப் போன்களைத் தங்கள் பெயரில் விற்றன. நம் மக்கள் பேசுவதற்கு ஒரு சிம், மலிவாக எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு சிம் என்று வைத்திருந்த காலம். இரண்டு சிம் போடும் போன் எல்லாக் கடையிலும் கிடைத்தது, நோக்கியாவில் தவிர. நோக்கியா அதை இந்தியாவில் பரவலாகக் கொண்டுவருவதற்குள் 2011 ஆகிவிட்டது. பட்டியலில் நாற்பது சதவீதம் என்று எழுதியிருக்கும்போதே அடித்தளம் அரித்துக்கொண்டிருந்தது. அனுப்பிய போன்களின் எண்ணிக்கை ஒரு கம்பெனியின் பலத்தைச் சொல்லாது என்பதற்கு இன்றைய ஆப்பிளும் சாட்சி. உலகின் போன்களில் ஐந்தில் ஒன்றை ஒட்டித்தான் அது விற்கிறது. லாபத்தில் பெரும்பகுதி அதன் கைக்குத்தான் போகிறது.

உள்ளே இருந்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. டிமோ வூரி, கீ ஹுய் என்ற இரு ஆய்வாளர்கள் நோக்கியாவில் இருந்தவர்களைப் பேட்டி கண்டு 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேலதிகாரிகளின் கோபத்துக்குப் பயந்து நடுமட்ட மேலாளர்கள் கெட்ட செய்தியைச் சொல்லாமல் விழுங்கினார்கள். மேலே இருந்தவர்கள் பங்குச் சந்தைக்குப் பயந்தார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “சோதனையில் தோற்ற போனைத் தோற்றது என்று எழுத எனக்கு யாரும் தடை போட்டதில்லை. மென்பொருள் பக்கம் அப்படி இல்லை போலிருக்கிறது” என்றார்.

2010 செப்டம்பரில் ஸ்டீஃபன் ஈலோப் தலைவரானார். 2011 பிப்ரவரியில், எரியும் மேடையில் நிற்கிறோம் என்று ஊழியர்களுக்கு எழுதினார். சில நாளில் சொந்த மென்பொருளை விட்டுவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தார். அறிவித்த அன்றே சிம்பியன் போன்களுக்குச் சாவு மணி அடித்துவிட்டது. கடைக்காரர்கள் கை நீட்டவில்லை. புதிய போன் வரவோ அந்த ஆண்டின் இறுதி ஆயிற்று. அந்த இடைவெளியில் போன பங்கு திரும்பவே இல்லை. 2012 பிப்ரவரியில் சாலோவில் ஆயிரம் பேருக்கு வேலை போனது. ஜூனில் தொழிற்சாலைக்கே மூடுவிழா என்று அறிவிப்பு. ஆராய்ச்சிப் பிரிவு மட்டும் மிஞ்சியது. 2014 ஏப்ரலில் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2015 ஜூலையில் சாலோவின் ஆராய்ச்சிப் பிரிவையும் மூடுவதாகச் சொன்னது. ஊரில் வேலையில்லாதோர் விகிதம் 15 சதவீதத்தை ஒட்டிப் போனது. கம்பெனி கட்டும் வரியில் நகராட்சிக்கு வரவேண்டிய பங்கும் வற்றியது. அடிமேல் அடி.

இதில் சாலோ தனியாகவும் இல்லை. 2008-ல் ஜெர்மனியின் போக்கும் நகரில் இருந்த ஆலையை மூடிவிட்டு நோக்கியா ருமேனியாவின் க்ளூஜுக்குப் போனது. சுமார் 2,300 பேர் தெருவுக்கு வந்தார்கள். ஊரே திரண்டு ஊர்வலம் போனது. ஜெர்மன் அமைச்சர் ஒருவர் தன் நோக்கியா போனைத் திருப்பிக் கொடுத்தார். க்ளூஜ்காரர்கள் மகிழ்ந்தது மூன்று ஆண்டுதான். 2011-ல் அதுவும் மூடல். கூலி குறைவான இடம், உதிரிபாகம் அருகில் கிடைக்கும் இடம் என்று போட்டி துரத்தத் துரத்த ஆலை நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகர முடியாதது ஊரும் அங்கே வீட்டுக்கடன் வாங்கியவர்களும்தான்.

மறுநாள் காலை யோயென்சூன்காத்து தெருவில் இருக்கும் பழைய தொழிற்சாலைக்கு நடந்தே போனேன். நீண்டு கிடக்கும் கட்டடம். நோக்கியா என்ற நீல எழுத்துகள் எப்போதோ இறங்கிவிட்டன. இப்போது அது பல கம்பெனிகள் பங்கிட்டுக்கொள்ளும் தொழிற்பூங்கா. 2019-ல் வால்மெட் ஆட்டோமோட்டிவ் இங்கே மின்சாரக் கார்களுக்கான பேட்டரி செய்யத் தொடங்கியது. துர்க்கு பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தின் வகுப்புகளும் உள்ளே நடக்கின்றன. ஐயாயிரம் பேர் சாப்பிட்ட காலத்து உணவகக் கூடத்தில் கொஞ்சம் பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய நிலைமை வந்துவிட்டது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் கைவிடப்பட்ட ஊர் இது இல்லை என்பதும் தெரிந்தது.

ஏன் என்பதைப் பெரியவர் முந்தின நாளே விளக்கியிருந்தார். ஃபின்லாந்தில் பெரிய அளவில் ஆள் குறைக்க வேண்டுமானால் கம்பெனி முதலில் தொழிலாளர்களோடு உட்கார்ந்து வாரக்கணக்கில் பேச வேண்டும், அது சட்டம். அதன் பிறகும் வேலை போனால், வேலையின்மை நிதியில் சேர்ந்திருந்தவருக்குப் பழைய சம்பளத்தின் அடிப்படையில் கணக்கிட்ட தொகை, அப்போதைய விதிப்படி 500 நாள்வரை கிடைத்தது. நோக்கியா தன் பங்குக்குப் ‘பிரிட்ஜ்’ என்ற திட்டத்தை 2011-ல் தொடங்கி, சொந்தத் தொழில் தொடங்க விரும்பியவர்களுக்கு ஆளுக்கு 25,000 யூரோ வரை கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியிலிருந்து மறுபயிற்சிக்குப் பணம் வந்தது. அவருடைய லைனில் இருந்த பெண்ணொருத்தி நாற்பத்தைந்து வயதில் செவிலியர் படிப்புக்குப் போனாராம். கம்பெனி கொடுத்ததைத் தவிர மற்றதெல்லாம் யாரும் கருணையால் கொடுத்தது இல்லை. நல்ல காலத்தில் சண்டை போட்டு எழுதி வைத்துக்கொண்டது.

அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்களைப் பற்றிக் கேட்டதற்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 2005-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம்; 2006 தொடக்கத்தில் உற்பத்தி. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து பிளஸ் டூ முடித்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் மூன்று ஷிஃப்டுக்கும் வந்தார்கள். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில். சுற்றியிருந்த உதிரிபாகக் கம்பெனிகளில் மேலும் பல ஆயிரம் பேர். வருமான வரி, விற்பனை வரி வழக்குகளால் அந்த ஆலை மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தில் சேராமல் நின்றது. ஆர்டரும் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. பெரும்பாலானவர்கள் அதற்கு முன்பே ‘விருப்ப ஓய்வு’ என்ற தாளில் கையெழுத்திட்டு, செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறியிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு. ஆலை மூடினால் வேலையிழந்தவருக்குப் படி கொடுக்க ஈ.எஸ்.ஐ.யில் ஒரு திட்டம் ஏட்டில் இருந்தது. விருப்ப ஓய்வு என்று எழுதிக் கொடுத்தவருக்கு அது பொருந்தாது. அந்தப் பெண்களின் விருப்பம் அதில் எங்கே இருந்தது?

சாலோவுக்கும் நமக்கும் இன்னொரு பந்தம் உண்டு. சாலோவைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி ஃபின்லாந்தில் தன் உற்பத்தியை 2004-லேயே நிறுத்திவிட்டு, சீனாவுக்கும் பிறகு ஸ்ரீபெரும்புதூருக்கும் போனது. சீனக் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறிய அதுவே, ஐந்து ஆண்டு பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையை எடுத்துக்கொள்வதாக 2019-ல் அறிவிக்கப்பட்டது. இன்று அந்த வட்டாரத்திலும் அதற்கு வெளியேயும் ஐபோன் செய்யப்படுகிறது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், மகிந்திரா சிட்டியில் பெகட்ரான் தொடங்கிய ஆலை, ஓசூர்ப் பக்கம் டாடா. மறுபடியும் கம்பெனி பஸ்கள், மறுபடியும் பிளஸ் டூ முடித்த பெண்கள், இப்போது விடுதிகளும் சேர்ந்து. இந்த வேலைகள் வேண்டும். அவற்றால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது, தங்கைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். ஆனால் ஆப்பிளின் பங்கும் ஒருநாள் இறங்கும். அல்லது அதன் ஆலை இன்னும் மலிவான இடம் தேடும். போக்கும், க்ளூஜ், சாலோ, ஸ்ரீபெரும்புதூர் நான்குக்கும் நடந்தது அதுதான்.

அடுத்த முறை புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தான செய்தியைப் படிக்கும்போது, எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். கம்பெனி போகும் நாளில் அவர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம், என்ன மறுபயிற்சி, அதற்கு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா எனக் கேளுங்கள். உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள், தொழில்துறைக்கு எழுதிக் கேளுங்கள். ஆர்டர் நிறைந்து மூன்று ஷிஃப்டும் ஓடுகிற இந்த ஆண்டுகளில்தான் அதை எழுதி வாங்க முடியும்.